சி பிளாக்கின் சங்குப்பூக் கொடி

ஆம்பூரில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், வீட்டு வசதிக் குடியிருப்பின் சி பிளாக்கில், மூன்றாவது மாடியில் குடியிருந்த குணசுந்தரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்து, கறிக்குழம்பை இறக்கி மூடி வைத்துவிட்டு, தன்னுடைய வெள்ளை கேன்வாஸ் ஷூவிலும் ஒரு பழைய வெள்ளைப் புடவையின் கரையிலும் சங்குப்பூக் கொடி ஒன்றை வரைந்தாள்; அந்தக் கொடி புதன்கிழமைக்குள் அவள் வரையாத இரண்டு இலைகளை விட்டிருந்தது.

குணசுந்தரிக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. பத்து வருஷமாக ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தாள், அந்தப் பத்து வருஷமும் இடது கால் ஷூவை மட்டுமே தைத்தாள், வலது காலை எதிர் வரிசைப் பெண்கள் தைத்தார்கள், இரண்டும் எங்கே சேர்ந்து ஜோடியாகின என்பதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. கம்பெனியில் தேறாமல் போன ஒரு ஜோடி வெள்ளை ஷூவைத்தான் அவளுக்குப் பொங்கலுக்குக் கொடுத்திருந்தார்கள். டிசைன் போடுகிற அறையிலிருந்து வெளியே எறிந்த துணி பெயிண்ட் பாட்டில்களில் நீலமும் பச்சையும் மட்டும் காயாமல் இருந்தன, அவற்றை அவள் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். நீலத்தையும் பச்சையையும் வைத்து வேறு என்ன வரைய முடியும் என்று யோசித்ததில் சங்குப்பூதான் கைக்கு வந்தது. கணவன் சாமுவேல் தோல் ஏற்றும் வண்டி ஓட்டுகிறவன், வாரத்தில் பாதி நாள் சென்னையில் இருப்பான். வீட்டில் அவள் வரைவதைப் பார்க்கவும் ஆளில்லை, வேண்டாம் என்று சொல்லவும் ஆளில்லை.

இலை கூடியதற்கு அவள் ஆச்சரியப்படவில்லை. தானே வரைந்து மறந்திருப்போம் என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமை கொடி ஷூவிலிருந்து கிளம்பி, அன்றைக்குக் கட்டியிருந்த மஞ்சள் புடவையின் கரைக்குத் தாவி, முழங்கால் வரை ஏறி, ஒரு மொட்டும் விட்டபோது, தான் மறந்துபோகவில்லை, கொடிதான் வளர்ந்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்து, சோப்புப் போட்டுக் கசக்கித் துவைத்துப் பார்த்தாள். போகவில்லை. நல்ல பெயிண்ட் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு காயப்போட்டாள்.

கீழ்வீட்டு மெஹருன்னிசா அதே கம்பெனியில் வலது கால் தைக்கிறவள். காலையில் ஏழே முக்கால் டவுன் பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள், பஸ் கிளம்பி இரண்டாவது நிறுத்தம் வருவதற்குள் மெஹருன்னிசா குணசுந்தரியின் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள், இது ஏழு வருஷப் பழக்கம். அந்த வாரம் சாப்பாட்டு இடைவேளையில் டப்பாவைத் திறந்த மெஹருன்னிசா, தன் கறுப்பு புர்காவின் தோளில் ஒரு பச்சைச் சுருளும் அதன் நுனியில் நீலப் பூவும் இருப்பதைப் பார்த்தாள்.

"குணாக்கா, உங்க கொடி என் மேல ஏறிடுச்சு."

"வரைஞ்சது நானு. ஏறுனது அதுவா ஏறுச்சு," என்றாள் குணசுந்தரி.

இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்து மிஷினுக்குப் போனார்கள்.

மெஹருன்னிசாவிடமிருந்து அது அவள் மடியில் படுத்து டிவி பார்க்கிற மகளின் பாவாடைக்குப் போனது, மகளிடமிருந்து பள்ளிக்கூடத் தோழிக்குப் போனது, தோழியிடமிருந்து அவளைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து அழைத்துப் போகிற அவளுடைய அப்பாவின் சட்டை முதுகுக்குப் போனது, அங்கிருந்து அவர் தினமும் தோளில் கைபோட்டுப் பேசுகிற டீக்கடைக்காரரின் பனியனுக்குப் போனது. ஆவணி முடிவதற்குள் சி பிளாக்கின் நாற்பத்தெட்டு வீடுகளில் முப்பது வீடுகளின் துணியில் சங்குப்பூ பூத்திருந்தது. மொட்டை மாடியில் காயும் துணிகளைப் பார்த்தால் யார் வீட்டுத் துணி என்று தெரியாமல் எல்லாம் ஒரே கொடியாக ஓடியது. குழாயடியில் பேச்செல்லாம் அதுவாக இருந்தது, பிறகு தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறை என்று ஆனபோது பேச்சு தண்ணீருக்கு மாறியது.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பாலகுரு மின்சார வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கரண்டாக நினைத்துப் பார்ப்பது அவர் வழக்கம், இதையும் அப்படித்தான் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டை மாடியில் கொடி ஏறியவர்கள் ஐந்து பேரையும் ஏறாதவர்கள் ஐந்து பேரையும் கைகோத்து அரை மணி நேரம் நிற்க வைத்தார். வியர்த்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. பஸ் நெரிசலில் ஒட்டி நிற்பவர்களுக்கும் ஏறவில்லை என்பதையும், கேரம் ஆட்டத்தில் ஒருவர் தொடைமேல் ஒருவர் கைபோட்டு உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கு ஏறியதையும், தூங்குகிறவர்களுக்கு எளிதாக ஏறியதையும் வரிசையாக எழுதி வைத்துப் பார்த்துவிட்டு, சங்கத்தின் நிகழ்ச்சிக் குறிப்பேட்டில், "தொட்டால் மட்டும் போதாது. தொட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதை இருவரும் மறந்திருக்க வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கரண்டைப் பற்றி அவர் அதற்குப் பிறகு பேசவில்லை.

ஊர் அதற்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் சீருடையின் காலருக்குக் கீழே கொடி இருக்கலாம், மேலே வரக்கூடாது என்று சொன்னார்கள். பாஸ்டர் மூன்று வாரம் கொடியைப் பற்றியே பிரசங்கம் செய்தார். பள்ளிவாசலில் கேட்டதற்கு உயிருள்ள உருவம்தான் ஆகாது, செடிக்குத் தடையில்லை என்று சொல்லிவிட்டார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி, தன் வேட்டியில் ஏறிய பூவை அம்மனுக்கே காட்டிவிட்டு உடுத்தினார். துணி தேய்க்கிற வஜ்ஜிரவேலு கொடி எந்தப் பக்கம் வளர்கிறதோ அந்தப் பக்கமாகத்தான் பெட்டியை ஓட்ட வேண்டும், எதிராக ஓட்டினால் இலை சுருங்குகிறது என்று கண்டுபிடித்தார். வார்டு உறுப்பினர் போட்டோ எடுப்பவரை அழைத்துக்கொண்டு வந்து நாற்பத்து மூன்று பேரைக் கட்டிப்பிடித்தார், அவருடைய வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே இருந்தது, அதிலிருந்து அவர் கட்டம் போட்ட சட்டை போட ஆரம்பித்தார்.

ஷூ கம்பெனி மேனேஜர்தான் மிகவும் பயந்தார். வெளிநாட்டுக்குப் போகிற ஷூவில் கொடி ஏறினால் மொத்த சரக்கும் திரும்பி வந்துவிடும் என்று எல்லோரையும் கையுறை போடச் சொன்னார். இரண்டு மாதத்தில் ஒரு ஷூவில்கூட ஓர் இலைகூட ஏறவில்லை. கையுறை வேண்டாம் என்று அவரே சொன்ன அன்றைக்கு, அடுக்கி வைத்திருந்த ஷூக்களின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார் என்றும், அவர் முகம் ஒரு மாதிரியாக இருந்தது என்றும் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

பி பிளாக்கில் ஒரு தம்பதி இருந்தார்கள், கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம், மனைவிக்குத் தங்கையிடமிருந்து கொடி ஏறியிருந்தது, கணவனுக்கு ஏறவில்லை. அந்த அம்மாள் ஒரு மாதம் முழுக்க அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து சீரியல் பார்த்தாள். ஏறவில்லை. பிறகு ஒருநாள் வாணியம்பாடி போகிற வழியில் ஸ்கூட்டர் நின்றுபோய், மெக்கானிக் வரும்வரை இரண்டு பேரும் புளியமரத்தடியில் உட்கார்ந்து, ஸ்கூட்டரை விற்றுவிடலாமா வேண்டாமா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்தபோது அவர் சட்டைக் கையில் மூன்று இலை இருந்தது. அந்த அம்மாள் கேசரி கிண்டி எல்லா வீட்டுக்கும் கொடுத்தாள், ஸ்கூட்டரை விற்கவில்லை.

கார்த்திகையில் சி பிளாக்கில் நாற்பத்தேழு வீட்டில் கொடி இருந்தது. இல்லாதது தரைத்தளத்தில் நாலாம் எண் வீட்டில். அதில் இருந்தவள் குணசுந்தரியின் அக்கா ஜீவரத்தினம்.

அக்காவும் தங்கையும் பதினோரு வருஷமாகப் பேசவில்லை. ஜீவரத்தினம் கல்யாணம் செய்துகொள்ளாமல் அம்மாவோடு இருந்தவள், அம்மா படுக்கையில் விழுந்த ஆறு வருஷமும் அவள்தான் பார்த்துக்கொண்டாள், குணசுந்தரி அப்போது பெங்களூரில் கார்மெண்ட்ஸ் வேலையில் இருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலையில் அம்மா இறந்துபோனாள். பக்கத்து வீட்டிலிருந்து போன் போட்டு, மூணு மணிக்கு எடுப்பார்கள், வந்துவிடு என்று சொன்னார்கள். குணசுந்தரி பஸ் பிடித்து ஒரு மணிக்கு வந்து சேர்ந்தாள். பதினோரு மணிக்கே அடக்கம் செய்து முடித்து, எல்லோரும் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் பெங்களூர் வேலை போய், ஆம்பூரில் வேலை கிடைத்து, வேறெங்கும் வீடு அமையாமல் அதே பிளாக்கில் மூன்றாவது மாடியில் குடிவந்தபோதும், படிக்கட்டில் அக்கா எதிரே வந்தால் சுவர்ப்பக்கமாக ஒதுங்கி வழிவிட்டாளே தவிர வாய் திறக்கவில்லை. இருவரும் அதே ஏழே முக்கால் பஸ்ஸில்தான் போனார்கள், அக்கா முன்னால், தங்கை பின்னால்.

ஜீவரத்தினம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. கரையில்லாத வெள்ளைப் புடவையும் வெள்ளை கேன்வாஸ் ஷூவும் அங்கே உடுப்பு. அந்த ஊரில் ஒரு நாளில் அவள் அளவுக்கு மனிதர்களைத் தொட்டவர்கள் யாரும் இல்லை. தூக்கி உட்கார வைத்தாள், உடம்பு துடைத்தாள், புரட்டிப் படுக்க வைத்தாள், கையைப் பிடித்துக் கக்கூசுக்கு நடத்திப் போனாள். இருந்தும் அந்த வெள்ளையில் ஓர் இலை ஏறவில்லை. பாலகுரு யோசித்துப் பார்த்து, அவள் தொடும்போது மறப்பதில்லை, மறந்தால் நோயாளி விழுந்துவிடுவார், அதுதான் காரணம் என்று சொன்னார். சரியான காரணம்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், ஆனாலும் யாருக்கும் மனசு ஆறவில்லை. மொட்டை மாடியில் நீலமும் பச்சையுமாகத் துணிகள் ஆடுகிறபோது நடுவில் அவளுடைய இரண்டு வெள்ளைப் புடவைகள் மட்டும் தொங்குவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது என்று சங்கக் கூட்டத்திலேயே பேசினார்கள்.

அதற்காக முறை வைத்தார்கள். எந்த நாளில் யார் ஜீவரத்தினத்தின் பக்கத்தில் போய் உட்காருவது என்று பாலகுரு குறிப்பேட்டில் கட்டம் போட்டு எழுதினார். திங்கட்கிழமைக்காரி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாள். செவ்வாய்க்கிழமை மெஹருன்னிசா மாலையில் படிக்கட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே மெதுவாகத் தோளில் தலையைச் சாய்த்தாள். ஜீவரத்தினம் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, காய்ச்சல் இல்லையென்று சொல்லி, உள்ளே போய் ஒரு மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தாள். மெஹருன்னிசா அதை விழுங்கிவிட்டு வீட்டுக்குப் போனாள். புதன்கிழமைக்காரி போகவே இல்லை.

மார்கழியில் ஆஸ்பத்திரியிலும் அது ஆரம்பித்தது. நோயாளிகளுடன் வந்தவர்கள், கொடி இருக்கிற ஆயாவாகப் பார்த்து அனுப்புங்கள் என்று கேட்டார்கள். ஒரு நோயாளியின் மகன், இந்த அம்மா கை பட்டால் எங்க அப்பாவுக்குக் கூச்சமாக இருக்கிறதாம் என்று சொன்னான். தலைமை நர்ஸ் ஜீவரத்தினத்தைக் கூப்பிட்டு, கோபமில்லாமல், நாற்காலியில் உட்கார வைத்தே பேசினாள். பொங்கலுக்குப் பிறகு துணி கிடங்குக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டாள். அங்கே படுக்கை விரிப்பை எண்ணி அடுக்குவதுதான் வேலை, ஆட்களைத் தொட வேண்டியதில்லை.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் ஜீவரத்தினம் மூன்று மாடி ஏறி வந்து தங்கையின் கதவைத் தட்டினாள். கையில் ஒரு துணிப்பை இருந்தது. குணசுந்தரி கதவைத் திறந்தாள், பார்த்தாள், வழிவிட்டு ஒதுங்கினாள். சுவர்ப்பக்கமாக ஒதுங்கிப் பழகியிருந்ததால் இப்போதும் அப்படியே ஒதுங்கினாள்.

ஜீவரத்தினம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பையிலிருந்து இரண்டு வெள்ளைப் புடவையையும் ஒரு ஜோடி ஷூவையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இதுல வரைஞ்சு குடு."

"அது வரையறதுல வர்றதில்ல. முதல்ல போட்டது மட்டும்தான் நான். இப்ப அது தன்னால போவுது."

"அதெல்லாம் எனக்கு வேணாம். பாக்கறவங்க கண்ணுக்குத் தெரிஞ்சா போதும்." துணி கிடங்கு விஷயத்தைச் சொன்னாள். "முப்பது வருஷமா வார்டுல இருந்துட்டேன். விரிப்பை எண்ணினு உக்கார முடியாது என்னால."

குணசுந்தரி பரணிலிருந்து பாட்டில்களை எடுத்தாள், இறுகிப்போயிருந்த பெயிண்டில் சொட்டுத் தண்ணீர் விட்டுக் குச்சியால் கலக்கினாள், தரையில் பேப்பர் விரித்து அதன்மேல் புடவையை விரித்தாள், அடியில் பழைய அட்டையை வைத்தாள். ஜீவரத்தினம் நாற்காலியை விட்டு இறங்கி, துணி நகராமல் அந்த முனையைப் பிடித்துக்கொண்டாள். பிரஷ் கரையிலிருந்து கிளம்பி மேலே போனது. ஓர் இலை, ஓர் இலை, ஒரு பூ. மாடிப்படியில் யாரோ காஸ் சிலிண்டரை உருட்டி ஏற்றும் சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது. அது நின்றபிறகு, தலையை நிமிர்த்தாமல் குணசுந்தரி கேட்டாள்.

"அம்மா முகத்தை எனக்கு ஏன் காட்டல?"

இந்தக் கேள்விக்குப் பதிலாகப் பதினோரு வருஷத்தில் அவளே பதினோரு காரணம் சேர்த்து வைத்திருந்தாள். பொறாமை என்று ஒரு வருஷம் நினைத்தாள், சாமுவேலைப் பிடிக்காததால் என்று ஒரு வருஷம், அக்காவைத் தனியே விட்டுவிட்டுத் தான் பெங்களூர் போனதற்குப் பழி என்று ஒரு வருஷம். பிளாக்கில் இருந்தவர்களும் ஆளுக்கொன்று சொல்லியிருந்தார்கள்.

"பாஸ்டர் வந்தாரு," என்றாள் ஜீவரத்தினம். "குழி தயாரா கீதுன்னாங்க. எடுக்கலாமான்னாங்க. சரின்னேன்."

"நான் வந்துனு இருக்கேன்னு சொன்னாங்களா இல்லையா?"

"காலைல சொன்னாங்க. அப்ப உன் ஞாபகம் வரல, குணா." துணியின் முனையை அவள் விடவில்லை. "ஆறு வருஷம் தூக்கி, கழுவி, புரட்டிப் போட்டுனு இருந்தேன். அன்னிக்கு எனக்கு யார் ஞாபகமும் வரல. முடிஞ்சுதுன்னு இருந்துச்சு, அவ்ளோதான். உன் மேல கோவத்துல செஞ்சேன்னு எல்லாரும் சொல்றாங்க. கோவம் இருந்திருந்தா ஞாபகம் வந்திருக்கும். நீ வந்து வாசல்ல நின்னப்பதான் ஐயோன்னு ஆச்சு. அதை எப்படி வந்து சொல்றது?"

பிரஷ் நின்றது. அதன் நுனியிலிருந்து ஒரு நீலச் சொட்டு புடவையில் விழுந்து பரவியது. குணசுந்தரிக்கு முதலில் வந்தது கோபம்தான், பதினோரு காரணங்களில் எதற்கும் வராத அளவு கோபம் வந்தது, அக்கா தன்னை மறந்துபோனதைவிடத் தன்மேல் பொறாமைப்பட்டிருந்தால் எவ்வளவோ மேல் என்று தோன்றியது. அக்காவைப் பார்த்தாள். அக்கா முகத்தில் பயம் இல்லை, மன்னிப்புக் கேட்கிற பாவனையும் இல்லை, டாக்டரிடம் ராத்திரி டியூட்டியில் நடந்ததைச் சொல்கிற முகமாக இருந்தது. ஆறு வருஷம் என்பதைக் குணசுந்தரி அன்றைக்குத்தான் நாட்களாக நினைத்துப் பார்த்தாள். தான் அந்த ஆறு வருஷத்தில் நாலு தடவை வந்து போனதும் கூடவே நினைவுக்கு வந்தது.

விழுந்த சொட்டைச் சுற்றிப் பச்சையில் இரண்டு கோடு இழுத்து அதை மொட்டாக்கினாள்.

"சாப்ட்டியா?"

"இல்ல."

"ஒரு பக்கம் காயட்டும். சாப்புடலாம்."

சாப்பிட்டார்கள். மத்தியானம் முழுக்க முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார்ந்து இரண்டாவது புடவையையும் ஷூவையும் முடித்தார்கள். குணசுந்தரியின் புடவையில் இருந்த கொடியின் நுனி அக்காவின் முழங்காலுக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் இருந்தது, சாயங்காலம் ஜீவரத்தினம் எழுந்து போகும்போதும் அதே இரண்டு விரற்கடை தூரத்திலேயே இருந்தது. அது தாவவில்லை. இருவரும் அதைப் பார்த்தார்கள், பார்த்ததை ஒருவருக்கொருவர் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஜீவரத்தினம் கொடியோடு பஸ் ஏறினாள். செய்தி அவளுக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. துணி கிடங்கு என்ற பேச்சே எழவில்லை, கூச்சப்பட்ட நோயாளி தன் தலையணையை அந்த ஆயாவே சரி செய்ய வேண்டும் என்று கேட்டார். பாலகுரு குறிப்பேட்டில் நாற்பத்தெட்டு என்று எழுதி அடிக்கோடு போட்டார், சங்கத்தின் சார்பில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்கள், முறை போட்ட கட்டத்தை அடித்துவிட்டார்கள்.

அது வெறும் பெயிண்ட்தான். வளரவில்லை, புதிதாக ஓர் இலை விடவில்லை, ஆஸ்பத்திரி உடுப்பு என்பதால் வெந்நீரிலும் பிளீச்சிங் பவுடரிலும் மூன்று தடவை அலசியதில் மடிப்புகளில் வெளுத்தது. இரண்டாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ஜீவரத்தினம் மறுபடி மூன்று மாடி ஏறினாள். அதற்கடுத்த இரண்டாவது வாரமும் ஏறினாள். குணசுந்தரி கடையில் புது பாட்டில்கள் வாங்கினாள். காய்ந்தபிறகு துணியைத் திருப்பிப் போட்டுச் சூடாகத் தேய்த்தால் சாயம் கொஞ்ச நாள் கூட நிற்கும் என்று அறிந்து அப்படியே செய்தாள். அக்கா நல்ல வார்த்தை சொல்கிறவள் இல்லை. இலை பெரிதாக இருக்கிறது, போன தடவை பூ இன்னும் நன்றாக இருந்தது என்று சொல்லிக்கொண்டே முனையைப் பிடித்திருப்பாள். இடையிடையே, கேட்டும் கேட்காமலும், அம்மாவைப் பற்றி வந்தது. கடைசி வருஷத்தில் அம்மாவுக்கு ரசம் சாதம் மட்டும்தான் இறங்கியது, அதிலும் உப்பு இல்லை என்று சண்டை பிடித்தாள். ஜன்னலை மூடினால் கத்தினாள். சில நாள் குணா எங்கே என்று கேட்டாள், சில நாள் ஜீவரத்தினத்தையே குணா என்று கூப்பிட்டாள், பல நாள் யாரையும் கேட்கவில்லை. ஒருநாள் காரணமில்லாமல் நன்றாகச் சிரித்தாள், அப்போது மேல்வரிசையில் ஒரே ஒரு பல் இருந்தது. குணசுந்தரி ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டு ஒவ்வோர் இலையாகப் போட்டாள்.

சித்திரை வெயிலில் ஊர்க் கொடி வாட ஆரம்பித்தது. முதலில் பூக்கள் உதிர்ந்தன, பஸ்ஸுக்குள் சீட்டுக்கடியில் நீலத் துகளாகக் கிடந்ததைக் கண்டக்டர் கடைசி நிறுத்தத்தில் பெருக்கித் தள்ளினார். பிறகு இலைகள் பழுத்தன, குணசுந்தரியிடம் ஒருநாளும் மஞ்சள் பெயிண்ட் இருந்ததில்லை என்றாலும் நல்ல மஞ்சளாகப் பழுத்தன. பி பிளாக்காரர்கள் போர் தண்ணீரில் உப்பு ஏறியதால் என்றார்கள், சி பிளாக்காரர்கள் பி பிளாக்காரர்கள் போட்ட சண்டையால் என்றார்கள். சிலர் துணியை நிழலில் காயப்போட்டார்கள், சிலர் அரிசி களைந்த தண்ணீரில் நனைத்தார்கள். ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து பார்த்தார்கள், ஆனால் எல்லோரும் அதை நினைத்துக்கொண்டே சாய்ந்தார்கள். கத்திரி முடிவதற்குள் ஆம்பூரில் எல்லோருடைய துணியும் கடையில் வாங்கியபடி ஆகிவிட்டது. குணசுந்தரியின் ஷூவில்கூட அவள் முதலில் வரைந்த இலைகளோடு சேர்ந்து எல்லாம் போய் வெள்ளையாக இருந்தது.

ஜீவரத்தினத்தின் புடவையில் மட்டும் கொடி பச்சையாக இருந்தது.

ஜனங்கள் அவளைப் பார்க்க வந்தார்கள். வேறு தெருவிலிருந்தும் வந்தார்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் அவளை முன்வரிசையில் உட்காரச் சொன்னார்கள், என்ன சோப்பு போடுகிறாய், எந்தத் தண்ணீர் என்று கேட்டார்கள். ஜீவரத்தினம் எழுந்து நின்று, முந்தானையைத் திருப்பி, பெயிண்ட் ஊறாத பின்பக்கத்தை எல்லோருக்கும் காட்டினாள்.

"இது பெயிண்ட். என் தங்கச்சி போட்டுக் குடுக்கறா. ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் போடணும். எனக்கு எப்பவும் ஏறல."

வஜ்ஜிரவேலு பின்னாலிருந்து, பெட்டி வைத்ததுமே வாசனை வந்துவிடும், தனக்குப் பொங்கலிலிருந்தே தெரியும் என்று சொன்னார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, யாரும் கேட்கவில்லை என்றார். பாலகுரு குறிப்பேட்டைத் திறந்து, நாற்பத்தெட்டு என்று எழுதிய பக்கத்தை எடுத்து, பேனா மூடியைக் கழற்றி, திருத்துவதா வேண்டாமா என்று சபையைக் கேட்டார். இருக்கட்டும் என்று மெஹருன்னிசா சொன்னாள். இருக்கட்டும் என்று மற்றவர்களும் சொன்னார்கள். அவர் மூடியை மாட்டிவிட்டார்.

மறுநாள் காலை ஏழே முக்கால் பஸ்ஸில் ஜீவரத்தினம் வழக்கம்போல இறங்க வசதியாக சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் பக்கத்து இடத்துக்கு மூன்று பெண்கள் வந்தார்கள், ஒருத்திக்குத்தான் இடம் கிடைத்தது. இரண்டாவது நிறுத்தத்தில் அவள் ஜீவரத்தினத்தின் தோளில் தலையை வைத்தாள். இது பெயிண்ட் என்று ஜீவரத்தினம் இன்னொரு தடவை சொன்னாள். தெரியும்க்கா என்று அவள் கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். ஜீவரத்தினம் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு, நோயாளியைத் தாங்குகிற மாதிரி தோளை விறைப்பாக வைத்திருந்தாள். அடுத்த நாள் வேறொருத்தி உட்கார்ந்தாள். அந்த வாரத்தில் என்றைக்கோ ஒருநாள் ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்து, கண்டக்டர் இரண்டு தடவை விசில் கொடுத்து, ஆயாம்மா இறங்கலையா என்று குரல் கொடுத்தபோதுதான் ஜீவரத்தினம் கண்ணைத் திறந்தாள். பஸ்ஸில் தூங்கியது அவளுக்கு அதுவே முதல் தடவை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது மாடியில் குணசுந்தரி புடவையை விரித்தாள். கரையில் இருந்த கொடி நன்றாக இருந்தது, இடுப்பருகே இருந்த பூக்களும் நன்றாக இருந்தன, இடது தோளில் வருகிற பூ மட்டும் அடையாளமே இல்லாமல் தேய்ந்து, துணி வெள்ளையாகத் தெரிந்தது.

"இங்க மட்டும் இன்னா ஆச்சு?"

"எல்லாம் வந்து தூங்கறாளுங்க," என்றாள் ஜீவரத்தினம், முனையைப் பிடித்துக்கொண்டு.

குணசுந்தரி நீல பாட்டிலைத் திறந்து அந்த இடத்திலிருந்தே ஆரம்பித்தாள்.

"அழுத்தமா போடு. நாளைக்கு மெஹருன்னிசா முறை."